லூசான போல்ட்தான் உடைகிறது

உடைந்த செயின்ரிங் போல்ட் ஒன்றை, அதாவது முன் பல்சக்கரத்தைக் கிராங்கோடு பிணைக்கும் போல்ட்டை, விளக்கடியில் திருப்பிப் பார்க்கும் மெக்கானிக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு நிறங்கள். முறிந்த முகத்தின் ஓர் ஓரம் கறுத்து, வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகளோடு இருக்கும். மறு ஓரம் சொரசொரப்பாகப் பளிச்சென்றிருக்கும். சொரசொரப்பான பகுதிதான் அன்றைக்கு முறிந்தது. வழவழப்பான பகுதி, வெகு நாட்களாக மிதிக்கு மிதி மயிரிழையாக ஊர்ந்து வந்த விரிசல். "எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினேன், பட்டென்று போய்விட்டது" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் பொய் சொல்லவில்லை. போல்ட் அதற்கு முன்பே முக்கால்வாசி போயிருந்தது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். சாதாரண சைக்கிளில் இழுவிசை எப்போதும் மேல் செயினில்தான் இருக்கும். இங்கே அப்படியில்லை. முன்னோக்கி மிதிக்கும்போது மேல் செயின் விறைக்கிறது. வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்துப் பிடித்தால் கீழ்ச் செயின் விறைக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் பிரேக் இல்லாமல் இறங்கி, பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிற்கும் இளைஞர்களை 2007-இல் வந்த 'மாஷ்' படம் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு சறுக்கலிலும் செயின்ரிங் எதிர்த்திசைக்குத் தள்ளப்படுகிறது. கம்பியை ஒடிக்க நினைப்பவர் அதைப் பிடித்து இழுப்பதில்லை, இப்படியும் அப்படியும் வளைப்பார். பிடி தளர்ந்த போல்ட்டுக்கு நடப்பதும் அதுவே.

பிடி தளர்ந்த போல்ட்டுக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். செயின்ரிங்கைத் தள்ளும் விசையைப் போல்ட்டின் உடம்பு தாங்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். போல்ட்டின் வேலை ரிங்கையும் கிராங்கின் கையையும் நெரித்துப் பிடிப்பது மட்டும்தான். விசையைக் கடத்துவது அந்த இரண்டுக்கும் இடையிலான உராய்வு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ எடையுள்ளவர் 170 மி.மீ. கிராங்கின்மேல் முழு எடையோடு ஏறி நின்றால் சுமார் 135 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை பிறக்கிறது. சுகினோ 75 போன்ற டிராக் கிராங்குகளில் ஐந்து போல்ட்டுகளும் 144 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். ஒரு போல்ட்டின் பங்கு ஏறத்தாழ 380 நியூட்டன். வட்டம் 110 மி.மீ. ஆகச் சுருங்கினால் அது 500-ஐ நெருங்கும். 8 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கிய போல்ட், மரையில் கிரீஸ் இருந்தால், 5,000 நியூட்டன் அளவுக்கு நெரிக்கும். உராய்வாக அதில் ஏழில் ஒரு பங்கு கிடைத்தாலே 700-ஐத் தாண்டிவிடும். தாராளமாகப் போதும். அதே போல்ட் 2 நியூட்டன் மீட்டரில் நின்றால் பிடி 200-க்கும் கீழே. அப்போது ரிங் நழுவி, போல்ட்டின் உறைமேல், அதாவது பின்பக்க நட்டின் குழாய்மேல், இடிக்கத் தொடங்குகிறது. அந்த உறை 10 மி.மீ. விட்டம், உள்ளே 8 மி.மீ. மரை; சுவருக்கு மிஞ்சுவது 1 மி.மீ. போல்ட்டின் தலைக்குள்ளும் 5 மி.மீ. அல்லன் சாவிக்கான குழி. இடி வாங்குவதற்கு அங்கே உலோகமே இல்லை.

முடுக்கியும் ஏன் பிடிப்பதில்லை? பட்டறைக்கு வரும் வண்டிகளில் அடிக்கடி காணும் காரணம் நீளம். இரண்டு ரிங் மாட்டும் ரோடு கிராங்கிலிருந்து ஒரு ரிங்கைக் கழற்றிவிட்டு, பழைய நீள போல்ட்டுகளையே திரும்பப் போட்டிருப்பார்கள். உறை நீளமாக இருப்பதால் போல்ட்டின் தலை உறையின் விளிம்பில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரென்ச் "டிக்" என்று சொல்லும், கைக்கும் இறுக்கமாகத் தெரியும், ரிங் மட்டும் உள்ளே சும்மா நின்றுகொண்டிருக்கும். கருவியை நம்பாமல், முதலில் விரலாலேயே கடைசிவரை முடுக்கிவிட்டு ரிங்கை ஆட்டிப் பார்ப்பது நல்லது. கடகடவென்றால் ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட்டுகள் வேண்டும், அல்லது மெல்லிய வாஷர்.

அடுத்த எதிரி பெயின்ட். பவுடர் கோட்டிங் அடித்த கிராங்க் கையில் ரிங் உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் விட்டால், நெரிபடும் பெயின்ட் மெல்ல அமுங்கும், பிடியும் கூடவே போகும். உலர்ந்த மரையும் ஏமாற்றும்: முடுக்கும் விசையெல்லாம் மரையின் உரசலிலேயே கரைந்துவிடும். பின்பக்க நட் கூடவே சுற்றினால் அதற்கென்றே உள்ள இரட்டைமுனைச் சாவியால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நெம்பி வைத்துச் சமாளிப்பவர்கள் பாதி முடுக்கில் கைவிடுகிறார்கள்.

ரிங்கை மையப்படுத்தும் வேலையும் இதோடு ஒட்டியதே. போல்ட் துளைகளில் எப்போதும் சிறு இடைவெளி இருப்பதால் ரிங் கொஞ்சம் விலகி உட்காரக்கூடும். செயின் ஓரிடத்தில் விறைத்து ஓரிடத்தில் தொங்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஹாரிஸ் சைக்ளரியில் வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன் (1944–2008) பரப்பிய வழி இன்றும் பட்டறைகளில் புழங்குகிறது. ஐந்து போல்ட்டுகளையும், ரிங் தானாக நகராமல் தட்டினால் மட்டும் நகரும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். கிராங்கை மெதுவாகச் சுற்றி, செயின் மிகவும் விறைக்கும் இடத்தில் நிறுத்தி, செயினின் நடுவில் லேசாக ஒரு தட்டு. ரிங் இம்மியளவு நகரும். மறுபடி சுற்று, மறுபடி தட்டு. விறைப்பு எல்லா இடத்திலும் ஒன்றானதும் நட்சத்திர வரிசையில், ஒன்றை விட்டு ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றாக முடுக்க வேண்டும். முழு முடுக்குக்கு முன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போவதுதான் இதில் நடக்கும் கூத்து.

சிவப்பு, நீலம், தங்கம் என்று ஃபிரேமுக்குப் பொருத்தமாக வாங்கும் அலுமினிய போல்ட்டுகள் மிச்சப்படுத்துவது சில கிராம். ஸ்டீலுக்கு இருக்கும் களைப்பு எல்லை, அதாவது அதற்குக் கீழே எத்தனை முறை சுமை விழுந்தாலும் விரிசல் பிறக்காத அளவு, அலுமினியத்துக்கு இல்லை. சிறு சுமையும் திரும்பத் திரும்ப விழுந்தால் விரிசல் பிறக்கும். சறுக்கி நிறுத்துபவருக்கு ஸ்டீல் போதும்.

புது போல்ட் போட்ட பின் முதல் சில ஓட்டங்கள் முடிந்ததும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிறகு காதே சொல்லிவிடும்: மிதிக்கு மிதி "கிரீச்". துளையைச் சுற்றி கறுப்புப் பசை தெரிந்தால் ரிங் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டத்தின் நடுவே ஒன்று போய்விட்டால் உட்கார்ந்தபடி மெதுவாக, சறுக்காமல், முன் பிரேக்கை நம்பி வீட்டுக்கு வரலாம். அடுத்தடுத்த இரண்டு போனால் ரிங் வளைந்து செயின் கழன்றுவிடும். செயின் போனால் கால் பிரேக்கும் போச்சு. பிரிட்டனில் ஃபிக்ஸட் சக்கரத்தைச் சட்டம் ஒரு பிரேக்காக ஏற்றாலும், முன் பிரேக் தனியாக வேண்டும் என்கிறது. தெருவில் இறங்குகிறவருக்கு அந்த விதி எந்த நாட்டிலும் பொருந்தும்.

ஒன்று உடைந்தால் ஐந்தையும் மாற்ற வேண்டும். மீதி நான்கும் அதன் சுமையைச் சுமந்தவை. விரிசல் எதில் தொடங்கியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் ரிங்கும் மாற வேண்டியதே. கழற்றிய நான்கு போல்ட்டுகள் 'ஸ்பேர்' என்று டப்பாவுக்குள் போனால் என்றோ ஒருநாள் வேறொருவர் வண்டியில் ஏறிவிடும். அன்றைக்கே பழைய இரும்புக் கூடையில் போட்டுவிடுவது நல்லது.