ஷாஃப்ட் தானாகத் தேயாது

கோவையில் எங்களைப் போன்ற மோட்டார் பட்டறைகளுக்குக் காயில் கட்டத்தான் அதிகம் வருவார்கள். கழற்றிப் பார்த்தால் சில மோட்டார்களில் காயில் கருகியதற்குக் காரணமே தேய்ந்த ஷாஃப்ட்டாக இருக்கும். பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டை இறுகப் பிடித்து, அதோடு சேர்ந்தே சுற்ற வேண்டும். பிடி விட்டுப்போனால் ஷாஃப்ட் வளையத்துக்குள் உரசிச் சுற்றும். அந்த இடம் பளபளவென்று தேய்ந்து இறங்கும். ரோட்டார் மையம் விலகி, காயில் இருக்கும் ஸ்டேட்டரில் இடிக்கும். சிறிய மோட்டாரில் இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூடப் பெரும்பாலும் இருக்காது.

தேய்ந்த இடத்தில் சென்டர் பன்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி, பேரிங்கை இறுக்கமாக ஏற்றித் தருபவர்கள் உண்டு. அன்றைக்கு ஓடும். ஆனால் பேரிங்கைத் தாங்குவது அந்தப் புள்ளிகளின் விளிம்பு மட்டுமே. அது நசுங்கியதும் பழைய கதைதான். புது ஷாஃப்ட் போடுவதே முறை.

பழையதைப் பிரஸ்ஸில் வைத்து ரோட்டாரிலிருந்து தள்ளுவதற்கு முன்பே அளவெல்லாம் எடுத்துவிட வேண்டும். ஷாஃப்ட் முனையிலிருந்து ரோட்டார் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எது பம்ப் மாட்டும் பக்கம், கீவே எவ்வளவு நீளம் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். தேய்ந்த இடத்தின் அளவைப் பேரிங் எண் சொல்லிவிடும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். இஎன்8 எஃகு ராடில் கடையும்போது அதற்கு மேல் 0.01 மில்லிமீட்டர் விடுவேன். ராடு ஆறிய பிறகே மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். சூட்டோடு அளந்தால், ஆறியபின் சுருங்கி லூசாகிவிடும். விட்டம் மாறும் மூலையைக் கூராக வெட்டாமல் சிறு வளைவு விட வேண்டும்; விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ரோட்டாரை ஏற்றியதும் லேத்தில் சென்டர்களுக்கு நடுவே பிடித்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட்டைத்தான் நிமிர்த்த வேண்டும். ரோட்டாரைக் கடைந்து சமாளித்தால் இடைவெளி கூடி, மோட்டார் கரண்ட்டை அதிகம் இழுக்கும். பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில் குழாய் வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழும்.

இவ்வளவும் செய்து கொடுத்தாலும், பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால், கப்ளிங் நேர்கோட்டில் இல்லாவிட்டால், இரைச்சல் போடும் பேரிங்கை மாற்றாமல் ஓட்டினால் புது ஷாஃப்ட்டும் தேயும். மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், பழைய ஷாஃப்ட் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பட்டறையில் வேலையைக் கொடுங்கள்.