கைக்கடக்கமான செலவில் இரண்டு நாள் ரங்கூன்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ரங்கூன்காரர்களுக்குக் கியாக்தான் ஞாபகம் வந்துவிடும். ஓடையின் நடுவே சிறு தீவில் நிற்கும் யேலே பயாவைக் கும்பிடவும், கரையோரம் மொய்க்கும் கெளுத்தி மீன்களுக்குத் தீனி போடவும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். 'யேலே' என்றால் நீரின் நடுவே என்று பொருள். வெள்ளம் எவ்வளவு ஏறினாலும் கோயிலுக்குள் தண்ணீர் வராது, கூட்டம் எவ்வளவு வந்தாலும் இடம் போதாமல் போகாது என்பது அங்குள்ள ஐதீகம்.

கியாக்தானில் பிறந்து வளர்ந்த எங்களுக்கோ ஆசையெல்லாம் எதிர்த்திசையில். அவர்கள் எங்கள் ஊருக்கு வருவார்கள். நாங்கள் ரங்கூனுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருப்போம். கூலிக்கு வேலை செய்பவனுக்கு ஊர் சுற்றல் எதற்கு என்று கேட்பவர்கள் அங்கும் இருந்தார்கள், இங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், ரங்கூனைக் கண்ணால் காணாத நம் பிள்ளைகளுக்காகவும், 2017 அக்டோபரில் நானும் என் மனைவியும் தடிஞ்ஜு விளக்குத் திருநாள் விடுமுறையில் போய்வந்த இரண்டு நாள் பயணத்தைக் கணக்கோடு எழுதுகிறேன்.

அப்போது நான் திலாவா தொழிற்பேட்டையில் வேலை செய்துகொண்டிருந்தேன். 2015 இல் திறக்கப்பட்ட அந்தப் பேட்டை தன்லின், கியாக்தான் ஆகிய இரண்டு ஊர் எல்லைகளிலும் பரவிக் கிடக்கிறது. அரசாங்கம் விதித்த குறைந்தபட்ச நாட்கூலி அன்று 3,600 கியாட். பயணம் முழுவதையும் மூன்று நாள் கூலிக்குள், அதாவது 10,800 கியாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

கியாக்தானிலிருந்து தன்லின் சுமார் 12 கிலோமீட்டர். நம் பெரியவர்கள் அதைச் சிரியம் என்றுதான் சொல்வார்கள். போர்த்துக்கீசியரான டி பிரிட்டோ கோட்டை கட்டி ஆண்டு, 1613 இல் பர்மிய அரசரிடம் தோற்ற ஊர் அது. அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் ரங்கூன். ரயிலும் பஸ்ஸும் சேர்ந்து ஓடும் அந்தப் பாலம் 1993 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆற்றைக் கடக்கப் படகுதான்.

விடியற்காலை பஸ் பிடித்து, நகரத்தில் இறங்கியதும் தெருவோரக் கடையில் ஆளுக்கொரு கிண்ணம் மொஹிங்கா. மீன் குழம்பில் வாழைத்தண்டும் அரிசி நூடுல்ஸும் போட்டுத் தருவது. ஒரு கிண்ணம் அன்று 500 கியாட். வயிறு நிறைந்தபின் நேராகக் கொன்ஸேடான் தெருக் காளி கோயில். 1871 இல் நம் தமிழர்கள் கட்டியது. பக்கத்திலேயே தெயிஞ்சி சந்தை. பழைய பேர் சூரத்தி பஜார்.

அங்கிருந்து நடைதான். ரங்கூன் நகரத்தின் நடுப்பகுதி கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி. 1852 யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வகுத்த திட்டம் அது. குறுக்குத் தெருக்கள் பலவற்றுக்கு எண்ணே பெயராக இருப்பதால் வழி தவறப் பயமில்லை. ஆனால் தாத்தா, பாட்டி சொன்ன பெயர்களை வைத்துத் தேடினால் கிடைக்காது. அவர்களுடைய பிரேசர் தெரு இன்று அனோரதா சாலை. டல்ஹௌசி தெரு, மகாபந்துலா சாலை. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு, ஷ்வேபொந்தா தெரு. பேர் தெரு, பன்சோடான். வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் இந்தப் பெயர்களை எழுதி அவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது பிள்ளைகளுக்கு உதவும்.

மத்தியானம் சூலே பயாவுக்கு எதிரே மகாபந்துலா பூங்காவில் மரநிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. பிறகு ஒரு டீக்கடை. ரங்கூன் டீக்கடைகளில் பால் டீக்குத்தான் காசு. மேசைமேல் இருக்கும் பச்சைத் தேநீர் எத்தனை கோப்பை குடித்தாலும் இலவசம். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். கால் வலிக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது.

வெயில் தாழ்ந்ததும் பன்சோடான் துறையிலிருந்து டலா படகு. ஜப்பான்காரர்கள் 2014 இல் கொடுத்த 'செரி' படகுகள். நம்மவர்களுக்கு அன்று 100 கியாட். அக்கரை போய் உடனே திரும்பினோம். ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கும்போது ரங்கூன் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. இதே ஆற்றுத்துறைகளில்தான் நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கினார்கள். 1964 இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமற்போன பிறகு, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனதும் இங்கிருந்துதான்.

பொழுது சாய்ந்ததும் ஷ்வேடகோன். அந்நாட்டுக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறக்குறைய 99 மீட்டர் உயரமுள்ள பொன் கோபுரத்தைச் சுற்றித் தடிஞ்ஜு விளக்குகள் எரியும்போது நமக்குக் கார்த்திகை தீபம்தான் நினைவுக்கு வரும். அடியில் எட்டுத் திசைக்கும் எட்டுக் கிழமை மூலைகள் உண்டு. புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்திருப்பதால் எட்டு. அவரவர் பிறந்த கிழமையின் மூலையில் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். நாங்களும் ஊற்றினோம்.

இரவு தாமுவேயில் பெரியம்மா வீடு. பாய் விரித்துப் படுத்தால் பக்கத்தில் நாலு பிள்ளைகள் கதை கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். அந்தப் பாய்தான் நம்மைப் போன்றவர்களின் ஓட்டல் அறை. அதற்கு வாடகையாக நாங்கள் கொண்டுபோனது 2,000 கியாட்டுக்கு இனிப்பு.

மறுநாள் காலை வட்ட ரயில். நகரத்தைச் சுற்றி 46 கிலோமீட்டர். அன்று மூன்று மணி நேரம் ஆனது, சீட்டு 200 கியாட். இன்சேன், காய்கறி மூட்டைகள் ஏறி இறங்கும் தன்யிங்கோன், விமான நிலையம் இருக்கும் மிங்கலடோன் என்று நகரமும் வயலும் மாறி மாறி வரும். கூடைக்காரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் நம்மோடு ஏறி இறங்குவார்கள். ஒரு சீட்டில் இவ்வளவு பார்க்க வேறெங்கும் முடியாது.

கடைசியாக டில்லியின் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரின் சமாதி. வெள்ளைக்காரர்கள் அவரை ரங்கூனுக்கு நாடுகடத்தினார்கள். 1862 நவம்பர் 7 ஆம் தேதி இறந்தவரை அடையாளம் தெரியாதபடி புதைத்தார்கள். உண்மையான கல்லறை 1991 இல் மண் தோண்டும்போதுதான் வெளிப்பட்டது. சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியாத ஒருவரை, ஊர் பேர் தெரியாத ஜனங்கள் இன்றும் பூப்போட்டு நினைக்கிறார்கள். அதைப் பார்த்தபோது மனசுக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது.

கணக்கு இதோ, இருவருக்கும் சேர்த்து: கியாக்தான் பஸ் போக வர 2,000, நகர பஸ் 1,600, ரயில் 400, படகு 400, இரண்டு காலை மொஹிங்கா 2,000, டீ 1,800, பூ, மெழுகுவர்த்தி 500, இனிப்பு 2,000. ஆக 10,700 கியாட். இரண்டாம் நாள் மத்தியானச் சோறு பெரியம்மா கட்டிக் கொடுத்தது. மூன்று நாள் கூலியில் 100 கியாட் மிச்சம்.

இந்தக் கணக்கில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. இரவு உறவினர் வீட்டில் தங்கினால் பேட்டை அதிகாரியிடம் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1907 முதல் இருந்துவந்தது. நடுராத்திரியில் கதவைத் தட்டிச் சோதிப்பார்கள். அதற்குப் பயந்தே என் அப்பா காலத்தில் ரங்கூன் போனால் அன்றே திரும்பிவிடுவார்கள். 2016 செப்டம்பரில் நாடாளுமன்றம் அந்த விதியை நீக்கியது. அதனால்தான் 2017 இல் எங்களால் யாரிடமும் சொல்லாமல் பெரியம்மா வீட்டில் கால் நீட்டிப் படுக்க முடிந்தது. 2021 பிப்ரவரி 1 ஆம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு வாரத்துக்குள் பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவ சேவை என்று அறிவித்தார்கள்: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27 வயது. அந்த வயதில் இருப்பவர்களுக்குச் சோதனைச் சாவடி தாண்டிப் பஸ்ஸில் போவதே பயம் என்றாகிவிட்டது.

ஏழை ஊர் சுற்றுவதற்குப் பணம் கொஞ்சம் போதும். படுக்க ஒரு உறவுக்காரர் வீடும், பயமில்லாமல் அங்கே படுக்க உரிமையும் வேண்டும். நமக்கு அந்த உரிமை இருந்த காலம் நாலரை வருஷம்கூட இல்லை. அதற்குள் ஒரு முறையாவது போய்வந்தோமே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். வீண் செலவு என்று அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், பிள்ளைகளுக்கு எதைச் சொல்வேன்?

ஆகவே வாசக அன்பர்களே, இப்போது நாம் இருக்கும் நகரத்திலும் ஓவர்டைம் கணக்குப் பார்த்து எல்லா ஞாயிற்றையும் விற்றுவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். பக்கத்து ஊரிலிருந்து நம்மவர்கள் வந்தால் ஒரு பாய் விரித்துக் கொடுங்கள்.