குமாஸ்தாவின் நாற்காலி

இல்லங்களின் உள்ளமைப்பைக் குறித்து உரையாடுவோர் 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்றொரு பெயரை இந்நாளில் அடிக்கடி வழங்கக் கேட்கிறோம். சென்ற நூற்றாண்டின் நடுக்கூற்றில், ஏறத்தாழ 1945 முதல் 1969 வரை மேனாடுகளில் ஓங்கி நின்ற ஒரு பாணிக்கு அது பெயர். அப்பெயர் பெரிதும் பரவியதோ, 1984-ஆம் ஆண்டில் காரா கிரீன்பர்க் என்னும் அம்மையார் தம் நூலுக்கு அதனைத் தலைப்பாக இட்ட பின்னரேயாம். சிங்கமுகக் கால்களும், கொடிகளும் பூக்களும் செதுக்கிய முதுகுகளும் வேண்டா. பொருள் எதன்பொருட்டு உண்டாயிற்றோ அதற்கு ஏற்ற வடிவமே அதற்கு அழகு என்பது அப்பாணியினர் கொள்கை. அதன் வரலாறு முழுதையும் ஈண்டு விரிக்கப் புகுந்தோமில்லை. அதிற் பிறந்த ஒரே ஒரு நாற்காலியைப் பற்றிச் சில கூறுவதே எம் கருத்து.

1947-ல் பஞ்சாப் இரண்டாகப் பிரிக்கப்பட்டபொழுது அதன் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பகுதிக்குப் புதியதொரு தலைநகர் வேண்டியிருந்தமையின் சண்டிகர் எழுந்தது. அதனை வகுக்க வந்த லெ கொர்பூசியேயின் பெயரை அறியாதார் சிலரே. அவர் ஆண்டுதோறும் வந்து வந்து போனவர். அவர்தம் உறவினராகிய பியேர் ஜன்னெரே என்பாரோ 1951-ல் வந்து, 1965 வரை அங்கேயே தங்கி, வேலைகளை நாடோறும் மேற்பார்த்தவர். 1967-ல் ஜெனீவாவில் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே அவரது சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியிற் கரைக்கப்பட்டது என்றால், அவ்வூரின்பால் அவர் கொண்ட அன்பைச் சொல்ல வேண்டுவதில்லை.

கட்டடம் எழும்பிற்று, உட்கார இடம்? செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் என ஆயிரக்கணக்கான அறைகளுக்கு ஆசனங்கள் வேண்டும். கையில் உள்ள பணமோ சிறிது. ஜன்னெரேயும், அவருடன் உழைத்த யூலி சவுத்ரி என்னும் இந்தியக் கட்டடக்கலை அம்மையார் முதலியோரும் தேக்கையும் பிரம்பையும் தேர்ந்தனர். கறையானும் ஈரமும் தேக்கை எளிதில் அணுகா. பிரம்போ கோடையிற் காற்றை முதுகுக்கு விடும். விரித்து நிறுத்திய கவராயம்போல் இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் கால்கள், அவற்றின்மேல் முழங்கை தங்கும் அகலத்திற் கைச்சட்டம், சிறிது பின்சாய்ந்த பிரம்பு முதுகு, இவ்வளவே அந்நாற்காலி. பற்பல பட்டறைகளில் உள்ளூர்த் தச்சர் செய்தமையால் ஒன்றன் அளவு மற்றொன்றில் முற்றும் பொருந்துவதில்லை. களவு போகாமலும் அலுவலகம் மாறாமலும் இருக்க, எந்த அலுவலகத்தது, எத்தனையாவது என்பதைப் பின்சட்டத்தில் வண்ணத்தால் எழுதியும் வைத்தனர்.

இந்நாற்காலியில் எமக்கு இவ்வளவு பற்று ஏன் என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். எம் தந்தையார் ஒரு தாலுகாக் கச்சேரியில் முப்பது ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்குக் கிடைத்த ஆசனம் கையில்லாத மரநாற்காலி. முதுகுச் சட்டமோ சரியாகத் தோளெலும்பில் இடிக்கும். நாற்காலி மீது நான்காக மடித்த துண்டொன்று எப்பொழுதும் கிடக்கும். மாலையில் வீடு திரும்பியதும் அன்னையார் நல்லெண்ணெய் காய்ச்சுவது எம் இளமை நினைவுகளுள் ஒன்று. அதனைச் செய்தவன் மேலும் குற்றமில்லை. குமாஸ்தாவுக்கும் ஒரு முதுகு உண்டு என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. ஆதலின், அமைச்சரின் அறைக்கும் குமாஸ்தாவின் அறைக்கும் ஏறக்குறைய ஒரே கருத்தோடு ஆசனம் வகுத்த ஒருவர் நம் நாட்டில் இருந்தார் என்று முதன்முதற் படித்தபொழுது, கட்டடங்களைவிட அச்செய்தியே எம் மனத்தைத் தொட்டது.

காலம் சென்றது. பிரம்பு அறுந்தது, பின்னுவார் அருகினர், இரும்பும் பிளாஸ்டிக்கும் மலிந்தன. பழைய நாற்காலிகள் மொட்டைமாடிகளிலும் கொல்லைகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, வெயிலும் மழையும் பட்டு, கழிவுப் பொருளாய் ஏலத்திற் சொற்ப விலைக்குப் போயின. பாரிஸ் முதலிய நகரங்களின் வணிகர் அவற்றை வாங்கிச் சென்று, புதுப் பிரம்பு பின்னி, மெருகிட்டு, பல லட்ச ரூபாய்க்கு விற்றனர். ஏமி சீகல் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2013-ல் எடுத்த ஒரு படம், மேனாட்டுச் செல்வர் இல்லங்களிலிருந்து தொடங்கி இந்நாற்காலிகள் வந்த வழியே பின்னோக்கிச் சென்று சண்டிகரில் முடிகிறது. 2011-ல் மத்திய அரசாங்கம் இவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. எனினும் அயல்நாட்டு ஏலங்கள் நின்றபாடில்லை.

வணிகரைக் கள்வர் என்று ஏசுவது எளிது. யாம் அவ்வாறு ஏசோம். அவர்கள் ஏலத்தில் வெளிப்படையாகவே வாங்கினர். வாங்காதிருப்பின் பல அடுப்புக்கு இரையாகியிருக்கும். எம்மை உறுத்துவது வேறு. பின்சட்டத்து எழுத்துக்களை அழியாமற் காத்தே அவர்கள் விற்கின்றனர். அவ்வெழுத்து இருந்தால் உண்மைப் பொருள் என்பதற்குச் சான்றாகி விலை ஏறுமாம். களவைத் தடுக்க ஒரு சிற்றூழியன் தூரிகையால் எழுதியது இன்று அழகுக் குறியாயிற்று! ஆபரணம் வேண்டாவென்று பிறந்த பொருள் தானே ஓர் ஆபரணமாய், விளக்கொளியில் தனியே நிற்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவரின் சான்றிதழ் காரியமாக அந்நகரில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே முதியவரான எழுத்தர் ஒருவர் அத்தகைய நாற்காலியில் அமர்ந்திருந்தார். பிரம்பு போய்ப் பச்சை நிற நைலான் பட்டை பின்னியிருந்தது. ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டைத்துண்டு. யாம் அதனையே உற்று நோக்குவது கண்டு, என்ன என்றார். நண்பர் விலையை அவருக்கு இந்தியிற் கூறினார். அவர் நம்பாமற் சிரித்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பின்சட்டத்து எழுத்தை ஒருமுறை படித்துப் பார்த்தார். வரிசையில் எமக்குப் பின் நின்றவர் பொறுமை இழந்து இருமவே, நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு அமர்ந்து, விண்ணப்பத்துக்காகக் கையை நீட்டினார்.