கால் விமானம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லலாம். உண்மை என்னன்னா, சனிக்கிழமை ஆனா கலிஃபோர்னியால லிவர்மோர் விமான நிலையத்துலயே கிடக்கேன்.

விமானம்னதும் போயிங் ரேஞ்சுக்கு யோசிக்காதீங்க மக்களே. இது லைட் ஸ்போர்ட். 2004-ல எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த வகை. ரெண்டே சீட்டு, ஆளு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோவுக்குள்ள. (2025 அக்டோபர்ல இருந்து ஸ்போர்ட் பைலட்டுக்கு அந்த எடை வரம்பு போயிடுச்சு. எவ்வளவு குறைஞ்ச வேகம் வரைக்கும் விழாம பறக்கும்ங்கறதுதான் இப்ப அளவு.) குறைஞ்சது 20 மணி நேரம் பறந்து பழகணும். எனக்கு 43 ஆச்சு, சிரிக்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஆயில் பார்க்கறதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. ரோட்டாக்ஸ் இஞ்சின்ல நேரா குச்சியை விட்டுப் பார்த்தா கணக்கு தப்பும். சுவிட்சை அணைச்சுட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நேரத்துல ஆயில் டேங்க்ல இருந்து 'களக்'னு ஒரு ஏப்பம் வரும், கல்யாண சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க தாத்தா விடுவாரே, அப்படி. அப்பதான் அளவு சரியா தெரியும்.

காலைல ஏழு மணிக்கு ஆல்டமான்ட் கணவாய் மேல போனா கீழே காற்றாலைங்க தூங்கிட்டு இருக்கும். திரும்பி வரும்போது அத்தனையும் சுத்த ஆரம்பிச்சிருந்தா வயித்துல புளி கரைக்கும். இவ்வளவு லேசான வண்டி, பக்கவாட்டுக் காத்துல பேப்பர் கப்பு மாதிரிதான். ஒரு நாள் ரெண்டு தடவை இறங்க வந்து முடியாம மேலேறி, மூணாவது தடவைதான் தரையைத் தொட்டேன். சட்டை தொப்பல்.

அங்கே ஒரு ரிட்டயர்டு பெரியவர். நாலு பேர் சேர்ந்து ஒரு விமானம் வாங்கலாம், உன் பங்கு 18,000 டாலர்னார். தங்கமணி, "அந்தக் காசுக்கு ஊர்ல மனை வாங்கலாம்"னாங்க. ஒரு வாரம் பாத்திரம் தேய்ச்சு சம்மதம் வாங்கினேன். வாலுக்கு என்ன கலர்னு கூட முடிவு பண்ணியாச்சு.

அப்புறம்தான் பதிவு விண்ணப்பத்தைப் படிச்சேன். கூட்டா வாங்கினாலும் ஒவ்வொருத்தரும் அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், இல்லேன்னா கிரீன் கார்டு வேணும். நான் ஹெச்-1பி. இந்த ஊர்ல எனக்கு ஓட்ட லைசென்ஸ் உண்டு, வீடு வாங்கலாம், கார் வாங்கலாம், கால் விமானத்துக்குக் கூட என் பேர் போட முடியாது. பெரியவர், "பணத்தைப் போடு, பேர் அப்புறம் பார்க்கலாம்"னார். நல்ல மனுஷர்தான். ஆனா அவருக்கு எழுபத்தஞ்சு வயசு, எனக்கு கிரீன் கார்டு வரிசைல எந்த இடம்னு உங்களுக்கே தெரியும். வேணாம்னுட்டேன். அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எஃப்.எம். கூடப் போடல.

இப்ப மணிக்கணக்குல வாடகைதான். கலர் அவங்க இஷ்டம்.

ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல சொன்னேன்.

"அப்ப அது உன்னுது இல்லையாடா?"

"இல்லப்பா. வாடகை."

"சரி விடு. நான் அங்க வந்தா அதுல ஏத்திப்பியா?"

"ஏத்திக்கறேன். உங்க வெயிட் எவ்வளவுப்பா? அதைப் பார்த்துதான் பெட்ரோல் போடணும்."

"இரு, உங்கம்மா பேசணுங்கறா"ன்னு போனைக் கொடுத்துட்டார்.