அம்மாயியின் கண் மருந்து

குதிரை இருக்கிற வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் கெம்பஸில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் உடனே "நெடுந்தீவோ?" என்று கேட்பார்கள். இல்லை, நுவரெலியா. நெடுந்தீவுக் குதிரைகள் தம்பாட்டில் மேய்கிறவை. எங்கள் மாமாவின் மல்லி உழைக்கிறவள். கிரகரி வாவிப் பக்கம் சுற்றிப்பார்க்க வருகிற பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வருவாள். மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பார். ஏப்ரல் சீசனில் கிடைக்கிற காசுதான் மழை மாதங்களில் அவளுக்கும் எங்களுக்கும் சாப்பாடு.

அவளுடைய இடது கண் போன கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லி நிறுத்தியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருந்த நேரம் அது. மார்ச் மாதக் கடைசி. ஒரு நாள் பின்னேரம் மாமா மல்லியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது இடது கண் பாதி மூடியிருந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்து மயிர் ஒட்டிப்போய்க் கிடந்தது. வழியில் சைப்ரஸ் வேலிக்குள் தலையை விட்டாளாம், குச்சி ஏதும் குத்தியிருக்கும் என்றார் மாமா. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சீசன் வருதுல்ல, கண்ணு பட்டுருச்சி" என்றார். அன்றிரவே காய்ந்த மிளகாய் சுற்றிப் போட்டார்கள். லாயம் முழுக்க நெடி. கண் வலிக்கிற குதிரைக்கு மிளகாய்ப் புகை! இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

(எங்கள் லயமும் மல்லியின் லாயமும் ஒரே தகரம், ஒரே பலகை. எழுத்திலும் ஒரு கால்தான் வித்தியாசம்.)

அடுத்த நாள் காலையில் மாமா ஆற வைத்த தேயிலைச் சாயத்தால் கண்ணைக் கழுவினார். கண் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மாயிக்கு நவம்பரில் கட்டரக் ஒபரேஷன் செய்திருந்தோம். அதற்குக் கொடுத்த சொட்டு மருந்தில் பாதி அலுமாரியில் மிச்சம் இருந்தது. எடுத்து லேபலைப் படித்தேன். இரண்டு பெயர்கள். முதலாவது சிப்ரோஃப்ளொக்சசின். அது அன்டிபயோடிக் என்று தெரியும். இரண்டாவது டெக்ஸாமெதசோன். அது என்னவென்று தெரியாது. தெரியாததைத் தெரிந்ததன் தைரியத்தில் விட்டுவிட்டேன்.

"மாமா, இது கண்ணு மருந்துதான். கிருமிய கொல்லும்."

"குதிரைக்குப் போடலாமா பாப்பா?"

"கண்ணு கண்ணுதானே மாமா."

பயோ படித்த பிள்ளை சொல்லிவிட்டது. மாமா தலையைப் பிடித்துக்கொண்டார், நான் சொட்டு விட்டேன். ஒரு நாளைக்கு நான்கு முறை.

மருந்து வேலை செய்தது. அதுதான் இதில் மோசமான விஷயம். இரண்டாம் நாள் வீக்கம் குறைந்தது. கண்ணை முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தாள். மாமா எனக்கு டவுனில் இருந்து ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். நான் மனசுக்குள் டொக்டராகவே ஆகியிருந்தேன்.

நான்காம் நாள் காலை, கண்ணின் நடுவே நீலமும் வெள்ளையுமாக ஒரு மங்கல். அதன் ஓரம் ஜெலி மாதிரி, ஊறிய ஜவ்வரிசி மாதிரி, தளதளவென்று இருந்தது. மாமா ஒன்றும் பேசாமல் போனை எடுத்தார்.

எங்கள் பக்கத்து மிருக வைத்தியர் மாடு பார்க்கிறவர். குதிரைக் கண் தன் கைக்கு மேலே என்று நேராகவே சொல்லி, குதிரை பார்க்கிற ஒரு டொக்டர் மிஸ்ஸின் நம்பரைக் கொடுத்தார். அவர் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் இமையை விரல்களால் பிரிக்கப் பார்த்தேன். "தொடாதே" என்று கத்தினார். குதிரை இமையின் தசை அவ்வளவு பலம். நாம் பலவந்தமாகப் பிரித்தால் அது எதிர்த்து இறுக்கும். புண்ணால் மெலிந்துபோன கண் அந்த அழுத்தத்திலேயே வெடித்துவிடலாம். அவர் முதலில் மயக்க ஊசி போட்டார். பிறகு காதுக்கும் கண்ணுக்கும் இடையே, எலும்பின் மேலே ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்து அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி. சில நிமிடத்தில் இமை தானாகத் தொங்கியது.

ஒரு செம்மஞ்சள் காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டார். ஃபுளோரசீன் என்கிற சாயம். கழுவிவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். கண்ணின் மேற்தோல் முழுதாக இருந்தால் சாயம் ஒட்டாது, வழிந்து போய்விடும். தோல் உரிந்த இடத்தில் மட்டும் உள்ளே இறங்கிப் பச்சையாக ஒளிரும். மல்லியின் கண்ணில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பச்சை எரிந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்னப் பொட்டில் பச்சை இல்லை. நல்ல இடம் போல என்று நான் நினைத்தேன். இல்லை. புண் ஆகக் கடைசிப் படலம் வரை இறங்கிவிட்டால் அந்த இடத்திலும் சாயம் ஒட்டாதாம். அதற்குப் பிறகு தடுக்க ஒன்றுமில்லை.

"இதுக்கு என்ன மருந்து போட்டீங்க?"

நான் போத்தலைக் கொடுத்தேன். லேபலைப் படித்தார். நான் பயோ செய்தவள் என்று தெரிந்ததும் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார், திட்டவில்லை. டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீரொய்ட். ஒபரேஷன் செய்த கண்ணின் வீக்கத்தை அது அடக்கும், அம்மாயிக்கு அது சரியான மருந்து. ஆனால் கண்ணில் புண் இருக்கும்போது அதை விட்டால் புதுத் தோல் வளர்வது நின்றுபோகும், கிருமியோடு சண்டை போடுகிற உடம்பின் சக்தி குறையும், பூஞ்சைக்குக் கதவு திறந்து கொடுத்த மாதிரி. கண்ணின் சதையைக் கரைக்கிற நொதிகளுக்கும் அது துணை போகும். ஜெலி மாதிரி தெரிந்தது கரைந்துகொண்டிருந்த கண்தான். வீக்கமும் வலியும் குறைந்ததால் நாங்கள் குணமாகிறது என்று நினைத்துவிட்டோம்.

போதாததற்கு, திறந்து நான்கு கிழமையில் வீச வேண்டிய போத்தல் அது.

மாமா என் முகத்தைப் பார்த்தார். "என்னாவாம் பாப்பா?"

"பழைய மருந்தாம் மாமா. வேலை செய்யலயாம்."

அவ்வளவுதான் மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகு நடந்ததை என்னால் மணித்தியாலம் மணித்தியாலமாகச் சொல்ல முடியும். மேல் இமைக்குள்ளால் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, நெற்றி வழியாக எடுத்து, பிடரி மயிரைப் பின்னி அதோடு சேர்த்துக் கட்டினார் டொக்டர். கழுத்துப் பக்கம் நின்றபடியே மருந்தை ஊசிக் குழலால் செலுத்தி, பின்னால் கொஞ்சம் காற்றை மெதுவாகத் தள்ளினால் அது கண்ணுக்குப் போய்ச் சேரும். வலிக்கிற கண்ணுக்குக் கிட்டக் கை கொண்டுபோக வேண்டியதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஐந்து நிமிடம்.

அந்த மருந்துகளில் ஒன்று மல்லியின் இரத்தமே. கழுத்தில் இருந்து எடுத்து, உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரை மட்டும் பிரித்தெடுப்பார்கள். கண்ணைக் கரைக்கிற நொதிகளைத் தடுக்கிற பொருள்கள் அந்த நீரில் இருக்கின்றன. அதைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் பொல் சம்பலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாயி இரண்டு நாள் ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை.

இன்னொன்று அட்ரோபின். கண்ணின் உள்ளே இழுத்துப் பிடிக்கிற வலியைத் தளர்த்தும். அதே மருந்து குதிரையின் குடலையும் மந்தமாக்கலாம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, குடல் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எத்தனை தடவை லத்தி போடுகிறாள் என்று எண்ணச் சொன்னார். பயோ நோட்ஸ் எழுதின கொப்பியின் பின்பக்கத்தில் தேதி போட்டு, நேரம் போட்டு எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த இரவுகளில் மற்றக் கண்ணைப் பார்த்தே நிறையப் படித்தேன். குதிரையின் பாவை நம்முடையது மாதிரி வட்டமில்லை, படுத்திருக்கிற நீள்வட்டம். அதன் மேல் ஓரத்தில் கறுப்பாய்க் குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி தொங்கும். அதுவும் நோய் என்று பயந்து டொக்டருக்குப் படம் அனுப்பினேன். எல்லாக் குதிரைக்கும் இருப்பதுதானாம், உள்ளே போகிற வெயிலைக் குறைக்கிறதாம். இமை மயிரையும் பார்க்கச் சொன்னார். சுகமான கண்ணில் மேல் இமையின் மயிர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வலிக்கிற கண்ணில், கண் திறந்திருந்தாலும், அது கீழ்நோக்கிச் சரியும். முதல் நாளே மல்லியின் இடது இமை மயிர் கீழேதான் பார்த்திருக்கும். நான் தண்ணீரை மட்டும்தான் பார்த்தேன்.

அதைவிட என்னைக் குடைந்த விஷயம் வேறு. குதிரைக்கு இன்னொரு கண் நோய் இருக்கிறது. கண்ணின் உள்ளே அழற்சி வந்து போய், திரும்பத் திரும்ப வரும். அந்தக் காலத்தில் நிலா தேய்ந்து வளர்வதோடு சேர்த்து அதை நிலாக் குருடு என்று சொன்னார்களாம். அதற்கும் கண் மூடும், தண்ணீர் வழியும், சிவக்கும், வெளிச்சம் கூசும். பார்வைக்கு இதே மாதிரி. அதற்கு ஸ்டீரொய்ட்தான் மருந்து! ஒன்றைக் காப்பாற்றுவது மற்றதை அழிக்கும். எது என்று சொல்வது அந்தச் செம்மஞ்சள் காகிதத் துண்டு. அது எங்கள் அலுமாரியில் இருக்கவில்லை. ஒரு போன் கோல் தூரத்தில் இருந்தது.

ஏழாம் நாள் விடியற்காலை புண்ணின் நடுப் பொட்டு ஓட்டையாகி, உள்ளே இருந்து கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. இனி வைத்திருந்தால் வலி மட்டும்தான் மிச்சம் என்றார் டொக்டர். கண்ணை எடுக்க அவளைப் படுக்க வைக்கவில்லை. மயக்க ஊசி போட்டு, கண்ணைச் சுற்றி மரக்கச் செய்து, நின்றபடியே, எங்கள் லாயத்தில். தலையை ஒரு பெட்டி மேல் வைத்து நான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கனமான தலை. மூச்சு என் கையில் சூடாகப் பட்டது.

அன்று இரவு மாமாவிடம் சொன்னேன். பழைய மருந்து என்று சொன்னது பாதிதான், அந்த மருந்தே தப்பு, நான்தான் கொண்டுவந்தேன் என்று. அவர் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தலைய நாந்தானே புடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். மன்னித்தாரா, தன்னையும் சேர்த்துக்கொண்டாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த ஏப்ரல் முழுக்க வருமானம் இல்லை. மாமா ஹோட்டல் ஒன்றில் தோட்ட வேலைக்குப் போனார். மல்லி மட்டும் எங்களைவிடச் சீக்கிரம் சரியானாள். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாம் தெரியும். ஒன்று போனால் ஒரு பக்க உலகம் அப்படியே இல்லாமல் போகும். முதல் சில நாள் கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பித் திருப்பி வலது கண்ணால் அளக்கப் பழகினாள். இப்போது இடப்பக்கமாகப் போகிற எவரும் முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சின்னப் பிள்ளைகளை மாமா ஏற்றுவதில்லை. பெரியவர்களை மட்டும், வாகனம் இல்லாத பாதையில். அவளைப் பார்த்து சிலர் வேறு குதிரைக்குப் போய்விடுவார்கள். சிலர் கேட்பார்கள், மாமா "குச்சி குத்திருச்சி" என்பார். அதோடு நிறுத்திவிடுவார்.

போன லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மாயியின் மற்றக் கண்ணுக்கும் ஒபரேஷன் முடிந்திருந்தது. அலுமாரியில் புதுச் சொட்டு மருந்துப் போத்தல். அதில் கறுப்பு மார்க்கரால், மாமாவின் கோணல் எழுத்தில், "அம்மா" என்றும் அதற்குக் கீழே திறந்த தேதியும் எழுதியிருந்தது. போத்தலை வைத்துவிட்டு, இடப்பக்கமாகவே லாயத்துக்குப் போனேன். "மல்லி, நாந்தான் வாறேன்" என்று தூரத்திலேயே சொன்னேன். கழுத்தை முழுதாக வளைத்து, வலது கண்ணை என் பக்கம் கொண்டுவந்து பார்த்தாள்.