பிடி தவறாத சக்கரம்

ஒரு வண்டியின் ஆற்றலைக் குதிரைத்திறனால் அளக்கும் வழக்கம் தார்ச்சாலைக்கு ஓரளவு பொருந்தக்கூடும். பாறையும் மணலும் சேறும் சரிவுமாக விரியும் நிலத்திலோ, எஞ்சினில் பிறக்கும் விசையில் எவ்வளவு பங்கு டயரின் வழியாகத் தரையைச் சென்று பற்றுகிறது என்பதே வண்டி முன்னேறுமா முடங்குமா என்பதை முடிவு செய்கிறது. இதை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுத்தர அளவு பிக்கப் வண்டிகள் மிகப் பொருத்தமான களமாக அமைகின்றன. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த சுமைத்தட்டைக் கொண்டு, முழு அளவு பிக்கப்பைவிட ஒரு படி சிறியதாக இருக்கும் இந்த வகையில் டொயோட்டா டகோமா, ஜீப் கிளாடியேட்டர், செவ்ரோலே கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர், நிசான் ஃபிரான்டியர், ஹோண்டா ரிட்ஜ்லைன் ஆகியவை போட்டியிடுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு, சாலையை விட்டு விலகிய கரடுமுரடான பயணத்துக்கென்றே, அதாவது ஆஃப்-ரோடு பயணத்துக்கென்றே, தனி வடிவங்களும் உண்டு.

இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வியை வாங்குவோரும் வாகன இதழ்களும் ஓயாமல் எழுப்பி வருகின்றனர். வலிமையை அது செயல்படும் இடத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதைத் திருக்குறள் இடனறிதல் என்னும் தனி அதிகாரமாகவே வகுத்துத் தந்திருக்கிறது. அந்த அறிவை இந்த வண்டிகளுக்குப் பொருத்திப் பார்த்தால், கேள்வி முழுமை பெறுவதற்கு நிலத்தின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும் என்பது புலனாகும். எனினும் நிலத்துக்கு நிலம் மாறும் இந்தத் திறன்களுக்கு அடியில் மாறாத ஓர் அளவுகோல் உண்டு. சக்கரம் வீணாகச் சுழலாமல், தரையோடு கொண்ட தொடர்பை எந்த அளவுக்குக் காத்துக்கொள்கிறது என்பதே அது.

முதலில் கவனிக்க வேண்டியவை வண்டியின் வடிவத்திலிருந்தே பிறக்கும் மூன்று கோணங்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பர் இடிபடாமல் எவ்வளவு செங்குத்தான தடையை அணுகலாம் என்பதைக் காட்டுவது அணுகு கோணம். தடையைவிட்டு இறங்கும்போது வண்டியின் வால்பகுதி தரையில் உரசாத எல்லையைக் காட்டுவது விலகு கோணம். இரு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள அடிவயிறு ஒரு மேட்டின் உச்சியில் தட்டாமல் கடக்கக்கூடிய அளவைக் காட்டுவது முகட்டுக் கோணம். வண்டியின் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் உள்ள தரை இடைவெளி மிகுந்தால் மூன்று கோணங்களும் கூடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் மிகுந்தால் முகட்டுக் கோணம் குறையும்.

பிக்கப்பின் பிறவிக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. சுமைத்தட்டைத் தாங்க அச்சிடை நீளமும், அதன் கடைப்பகுதியைத் தாங்கப் பின்புற நீட்சியும் தேவைப்படுவதால், உழைப்புக்காகப் பிறந்த இந்த வண்டி பாறைப் பாதையில் தன் பயன்பாட்டுக்கே விலை கொடுக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு வண்டிகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். சுமைத்தட்டு இல்லாத நான்கு கதவு ஜீப் ரேங்ளரின் அச்சிடை நீளம் 3,008 மில்லிமீட்டர். அதன் நெருங்கிய உறவாகிய கிளாடியேட்டரின் அளவு 3,487 மில்லிமீட்டர். இரண்டின் ரூபிகான் என்னும் ஆஃப்-ரோடு வடிவங்களுக்கும் அணுகு கோணம் 43 பாகையை ஒட்டியே அமைய, விலகு கோணமோ ரேங்ளரில் ஏறத்தாழ 37 பாகையாகவும் கிளாடியேட்டரில் 26 பாகையாகவும் பிரிந்து நிற்கிறது. முன்பாதியில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் இந்த இரண்டும், சுமை ஏற்றும் கடமை சேர்ந்த ஒரே காரணத்தால் பின்பாதியில் இவ்வளவு வேறுபடுகின்றன.

கோணங்கள் தடையைத் தொடாமல் கடக்கும் எல்லையைச் சொல்கின்றனவே தவிர, தடையின் மீது ஏறிய பிறகு சக்கரங்கள் தரையில் நிற்குமா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு விடை தருவது சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை வண்டியின் சட்டத்தோடு இணைத்து, அவை மேலும் கீழும் அசைய இடந்தரும் அமைப்பு. கிளாடியேட்டரில் முன்புறமும் பின்புறமும் திட அச்சுகளே உள்ளன. ஒரு முனை பாறைமேல் உயர்ந்தால் மறுமுனை தராசுக் கோலைப் போலத் தாழ்ந்து தரையை அழுத்துவதால், மேடுபள்ளம் மிகுந்த இடத்தில் நான்கு டயர்களும் மண்ணோடு தொடர்பு கொண்டிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஏனைய வண்டிகளின் முன்புறத்தில் இரு சக்கரங்களும் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் உள்ளது. அது வேகமான ஓட்டத்துக்கும் சாலைப் பயணத்துக்கும் ஏற்றதாயினும், பாறைமேல் சக்கரம் மடங்கி உயரும் அளவில் திட அச்சுக்கு ஈடாவது அரிது. வளைவுகளில் வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற உருக்குத் தண்டும் இந்த அசைவைக் கட்டுப்படுத்துவதால், கிளாடியேட்டர் ரூபிகான் முன்புறத் தண்டை ஒரு பொத்தானை அழுத்தி விடுவிக்கும் வசதியைத் தருகிறது. 2024 மாதிரியாக வந்த நான்காம் தலைமுறை டகோமாவின் சில வடிவங்களிலும் இதே வசதி சேர்க்கப்பட்டுள்ளது.

சக்கரம் தரையைத் தொட்டால் மட்டும் போதாது. அதற்குரிய விசையும் வந்து சேர வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு செல்ல வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி அச்சின் நடுவில் பொருத்தப்படுகிறது. அது இரு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையையே தரும் இயல்புடையது. ஆகையால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கி எதிர்ப்பின்றிச் சுழலும்போது, தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அந்த அற்பமான விசையே கிடைத்து, வண்டி அசையாமல் நின்றுவிடுகிறது. இதற்கான ஒரு தீர்வு, சுழலும் சக்கரத்துக்கு மட்டும் கணினியின் வழியாக பிரேக் கொடுத்து விசையை மறுபக்கம் திருப்புவது. மற்றொரு தீர்வு, இரு பக்கங்களையும் ஒரே தண்டாகப் பூட்டிவிடும் லாக்கர். முன்னது சக்கரம் வழுக்கிய பிறகே செயல்படத் தொடங்குகிறது. பின்னதோ, ஓட்டுநர் தடையைக் கண்டதுமே பூட்டிவிடுவதால், வழுக்கலை வருமுன் காக்கிறது. ரூபிகான், கொலராடோ இசட்ஆர்2, ரேஞ்சர் ராப்டர் ஆகிய மூன்றும் முன்னும் பின்னும் லாக்கர்களைக் கொண்டிருக்க, டகோமாவின் ஆஃப்-ரோடு வடிவங்களும் ஃபிரான்டியரின் புரோ-4எக்ஸ் வடிவமும் பின்புற லாக்கரோடு நிறைவு கொள்கின்றன.

அடுத்த தேவை நிதானம். நான்கு சக்கர இயக்கத்தில் லோ ரேஞ்ச் எனப்படும் கீழ்நிலைப் பற்சக்கரத் தொகுதி, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகிறது. 2020 மாதிரி ஆண்டில் அறிமுகமான கிளாடியேட்டர் ரூபிகானின் கைக் கியர் வடிவத்தில் முதல் கியரின் விகிதம் 5.13, கீழ்நிலை விகிதம் 4, அச்சின் விகிதம் 4.10, இவற்றைப் பெருக்கினால் எஞ்சின் ஏறத்தாழ 84 முறை சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழல்கிறது. நிமிடத்துக்கு 700 சுழற்சி என்ற ஓய்வு நிலையில், 33 அங்குல டயரோடு அந்த வண்டி மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவாகவே நகரும். மனித நடையைவிட மெதுவான இந்த ஊர்தலில், டயர் ஒவ்வொரு பாறையின் விளிம்பையும் பற்றுவதற்கு அவகாசம் பெறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாயும் வண்டி இழக்கும் பிடிமானத்தை ஊர்ந்து செல்லும் வண்டி பெற்றுவிடுகிறது.

இந்தப் பண்புகளெல்லாம் ஒன்றுகூடிப் பொருள் பெறும் நிலங்கள் இரண்டைச் சுட்டலாம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஜார்ஜ்டவுன் ஊரிலிருந்து டாஹோ ஏரியை நோக்கி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருங்கற் பாறைகளுக்கு இடையே செல்லும் ரூபிகான் தடம் ஒன்று. 1953 முதல் ஜீப் வண்டியினர் கூட்டமாகக் கடந்துவரும் அந்தத் தடத்தின் பெயரே வண்டிக்கும் சூட்டப்பட்டது. மற்றொன்று, 1967 முதல் ஈஸ்டர் காலத்தில் ஜீப் பயணங்கள் நடைபெறும் யூட்டா மாநிலத்து மோவாப். அங்குள்ள மணற்பாறை உலர்ந்த நிலையில் ரப்பரை உறுதியாகப் பற்றுவதால், கண்ணுக்கு ஏற முடியாததாகத் தோன்றும் சரிவிலும் வண்டி ஏறிவிடுகிறது. இவ்விரு நிலங்களிலும் கிளாடியேட்டர் ரூபிகான் தன் நீளத்தால் அவ்வப்போது அடிவயிற்றைத் தட்டிக்கொண்டாலும், திட அச்சும் இரட்டை லாக்கரும் ஆழ்ந்த கியரும் ஒருங்கே வாய்த்தமையால் ஏனையவற்றை முந்தி நிற்கிறது என்பது நியாயமான தீர்ப்பு.

ஆனால் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா போன்ற பாலைநிலத்தில் தேவைகள் தலைகீழாக மாறுகின்றன. 1967இல் நீள்தொலைவுப் பந்தயம் தொடங்கிய அந்த நிலத்தில், வண்டி அலையலையான மண்மேடுகளின் மீது வேகமாகப் பாய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மோதலின் ஆற்றலையும் ஷாக் அப்சார்பர் விழுங்கி வெப்பமாக மாற்றியாக வேண்டும். இல்லையேல் டயர் தரையைவிட்டுத் துள்ளி, திருப்பவும் நிறுத்தவும் முடியாத நிலை உண்டாகும். 2024 மாதிரியில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ரேஞ்சர் ராப்டர், 405 குதிரைத்திறன் கொண்ட மூன்று லிட்டர் வி6 எஞ்சினோடு, தரையின் தன்மைக்கேற்பத் தன் இறுக்கத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ளும் ஃபாக்ஸ் நிறுவன ஷாக் அப்சார்பர்களையும், பின்புறத்தில் பட்டை வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில்லையும் பெற்றிருப்பது இந்த நிலத்துக்காகவே. ஜீப் நிறுவனமும் இதை உணர்ந்தே, ரூபிகானோடு மொஹாவே என்ற பாலைநில வடிவத்தையும் 2020இல் வெளியிட்டது. அதில் பருத்த ஷாக் அப்சார்பர்களும் மோதலைத் தாங்கும் நீரழுத்தத் தடுப்பான்களும் சேர, முன்புற லாக்கர் விடுபட்டு, 4 என்ற கீழ்நிலை விகிதம் 2.72 ஆகத் தளர்ந்தது. ஒரே தொழிற்சாலையில் ஒரே சட்டத்தின் மீது எழுந்த இரு வண்டிகளுள் ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று நிலத்தின் பெயரைச் சொல்லாமல் கூற இயலாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இவ்விரு முனைகளுக்கும் நடுவில் நிற்பவை சமநிலையை நாடுகின்றன. கொலராடோ இசட்ஆர்2, 2017 முதல் கனடாவின் மல்டிமேட்டிக் நிறுவனம் உருவாக்கிய டிஎஸ்எஸ்வி ஷாக் அப்சார்பர்களைப் பயன்படுத்துகிறது. எண்ணெய் செல்லும் வழியை நெகிழும் தகடுகளால் கட்டுப்படுத்தாமல், துல்லியமாகக் கடையப்பட்ட உருளை வால்வுகளால் கட்டுப்படுத்தும் இந்த முறை, மெதுவான ஊர்தலிலும் வேகமான ஓட்டத்திலும் இறுக்கத்தைத் தனித்தனியே வரையறுக்க உதவுகிறது. அதனோடு இரட்டை லாக்கரும் அமைந்ததால், பாறையும் பாலையும் கலந்த பயணத்துக்கு அது பொருத்தமான வண்டியாகிறது. டகோமாவின் டிரெய்ல்ஹண்டர் வடிவமோ, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தாரின் ஓல்டு மேன் எமு ஷாக் அப்சார்பர்களோடு, உணவும் கூடாரமும் ஏற்றிப் பல நாள் ஊரில்லா நிலத்தில் செல்லும் நெடும்பயணத்தைக் குறிவைக்கிறது. அதன் ஹைப்ரிட் எஞ்சினில் மின்மோட்டார் குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசையைக் கூட்டித் தருவது ஏற்றங்களில் பயன்படும். ஃபிரான்டியர் புதுமைகளை நாடாமல், டர்போ இல்லாத 3.8 லிட்டர் வி6 எஞ்சினையும் பட்டை வில்லையும் கொண்டு எளிமையையே தன் பலமாகக் கொள்கிறது. ரிட்ஜ்லைன் தனிச்சட்டம் இல்லாத, உடலும் சட்டமும் ஒன்றான கட்டமைப்பு உடையது. லோ ரேஞ்ச் அதில் இல்லாமையால், மண்பாதைக்கும் பனிக்கும் போதுமானதாயினும் பாறைப் பாதைக்கு உரியதன்று. சுமைத்திறனும் இங்கே எண்ணத்தக்கது: சக்கரம் தாராளமாக அசைவதற்காக வில்லைத் தளர்த்தினால், அது தாங்கும் எடையும் குறைகிறது.

வண்டியோடு வரும் கருவிகள் அனைத்தையும்விட மலிவானது டயரின் காற்றை இறக்குவது. சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் அழுத்தத்தை 20க்கும் கீழே குறைத்தால், டயர் பரந்து தரையோடு ஒட்டும் பரப்பு கூடி, பாறையின் கூர்மையோடு வளைந்து பொருந்துகிறது. மணலில் புதையாமல் மேலே நிற்கிறது. பாறைகளுக்கிடையே முன்னே நடந்து, எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லின் மீது வைக்க வேண்டும் என்று கைச்சைகையால் வழிகாட்டும் துணைவரின் பங்கும் இத்தகையதே. எந்திரத்தின் எண்கள் நிற்கும் வண்டியைப் பற்றியவை; ஓடும் வண்டியின் திறனோ எந்திரமும் மனிதரும் நிலமும் ஒன்றாக இணைவதால் பிறப்பது. மணலில் ஓரளவு வேகம் தேவைப்பட்டாலும், அங்கும் வீணாகச் சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது.

இந்த உண்மைக்குப் பொறியியலைத் தாண்டிய பொருளும் உண்டு. மோவாப் வட்டாரத்தின் மண்ணை நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் பின்னிய உயிர்ப்படலம் மூடியிருக்கிறது. காற்றரிப்பைத் தடுத்து ஈரத்தைக் காக்கும் அந்தப் படலம் சக்கரத்தடியில் ஒருமுறை நொறுங்கினால், மீண்டும் உருவாவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். சாலையை விட்டு ஓடும் வண்டிகள் பொதுநிலத்துக்கு இழைக்கும் தீங்கைக் கட்டுப்படுத்த 1972இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் நிர்வாக ஆணை பிறப்பித்தார். குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகாமல் மென்மையாகச் செல்லும்படி வலியுறுத்தும் இயக்கமொன்றை அமெரிக்க வனத்துறை 1985இல் தொடங்கியது. தடத்தில் சுழன்று வழுக்கும் சக்கரம் கல்லைப் பெயர்க்கிறது, மண்ணைக் கிளறுகிறது, மழைநீர் அரிப்பதற்கு வழி வெட்டுகிறது. பிடிமானத்தோடு ஊரும் சக்கரமோ தான் வந்த சுவட்டை மிகக் குறைவாகவே விட்டுச் செல்கிறது.

ஆகவே, கருங்கற் பாறைக்கு ரூபிகானையும், பாலையின் வேகத்துக்கு ராப்டரையும், கலந்த நிலத்துக்கு இசட்ஆர்2-வையும், நெடும்பயணத்துக்கு டகோமாவையும் பரிந்துரைப்பது பொருந்தும் என்றாலும், இந்தப் பட்டியலுக்கு மேலானது அதற்கு அடிப்படையான அளவுகோல்தான். லாக்கரும் கீழ்நிலைக் கியரும் தாராளமாக அசையும் அச்சும் வழுக்கலைக் குறைக்கும்போதே, வண்டியின் தேய்மானத்தையும் நிலத்தின் காயத்தையும் சேர்த்தே குறைக்கின்றன. தடையை வெல்லும் திறனும் நிலத்தைக் காக்கும் பொறுப்பும் இங்கே ஒரே குறிக்கோளாக இணைந்து நிற்கின்றன. வண்டிகளை ஒப்பிடுவோர் எது முதலில் கடந்தது என்பதோடு, எது குறைவாகச் சுழன்று கடந்தது என்பதையும் கணக்கில் கொண்டால், அவர்களது தீர்ப்பு வாங்குவோருக்கும் உதவும். பொதுநிலத் தடங்கள் வருங்காலப் பயணிகளுக்கு மூடப்படாமல் இருப்பதற்கும் துணைசெய்யும்.