கொச்சியில் ஒரு யூதப் பள்ளி

துறைமுகப் பட்டினங்களுக்கெனத் தனிக் குணம் ஒன்று உண்டு. கடல் கொண்டுவந்து சேர்க்கும் மக்களை அவை நெடுநாள் வேற்றாராக வைத்திருப்பதில்லை. எமது திருகோணமலையிலே கோணேசர் கோயிலும், பத்திரகாளி அம்பாள் கோயிலும், கிறித்தவ தேவாலயங்களும், பள்ளிவாசல்களும் ஒரே கடற்காற்றை நுகர்ந்து நிற்கக் காண்கின்றோம். யூதரின் செபாலயம் ஒன்றே இங்கு இல்லாதது. ஆயினும் யூதரை ஈழம் அறியாதிருந்தது என்பதற்கில்லை. இலங்கை மன்னனுக்கு அமைச்சர் பதினறுவர் இருந்தனர் என்றும், அவருள் நால்வர் யூதர் என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரபுப் புவியியலறிஞர் அல் இத்ரீசி எழுதியுள்ளார்.

தென்னாட்டில் யூதர் நிலையாக வாழ்ந்த துறைமுகத்தைக் காண விழைவோர் கொச்சிக்குச் செல்லல் வேண்டும். கடந்த கல்லூரி விடுமுறையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரியை அடைந்து, ஏலமும் மிளகும் மணக்கும் பழைய பண்டகசாலைகளைக் கடந்தால் யூதத் தெரு வருகின்றது. தெருவின் கோடியில் நிற்பது பரதேசிப் பள்ளி. 1568 ஆம் ஆண்டில் கொச்சி மன்னர் அளித்த நிலத்தில் எழுந்தது அது. அரசர் மாளிகையும், அம்மாளிகை வளவிலுள்ள பகவதி கோயிலும், யூதரின் பள்ளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

வாயிலில் மிதியடியைக் கழற்றிவிட்டே உள்ளே புகுதல் வேண்டும். மேலைநாட்டு யூதரிடம் இவ்வழக்கம் இல்லை. நம் நாட்டு வழக்கைக் கொச்சி யூதர் தமதாக்கிக் கொண்டனர். பாதத்தின் கீழே, பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்துக் காந்தன் நகரிலிருந்து வந்த வெண்ணீல ஓடுகள் குளிர்கின்றன. ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பெற்றது. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. எதிரே, தோரா எனும் திருமறைச் சுருள்களை வைத்த பேழை. வெளியே 1760 இல் எசக்கியேல் ரகபி என்னும் வணிகர் எழுப்பிய மணிக்கூண்டு நிற்கின்றது.

யோசேப்பு ரப்பான் என்பாருக்குப் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேரவேந்தன் ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டளவில் வழங்கிய செப்பேடும் இம்மக்களின் உடைமையே. பகல் விளக்கும், குடையும், பறையும், காளமும் உட்பட எழுபத்திரண்டு உரிமைகளை அது அளிக்கின்றது. அது பொறிக்கப்பெற்ற எழுத்து வட்டெழுத்து என்பது தமிழ் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வளவும் கல்லும் செம்பும் கூறும் செய்தி. இப்பள்ளியைத் தாங்கி நின்ற மாந்தரின் தொண்டே நம் உள்ளத்தை மிகவும் ஈர்த்தது.

யூதரின் கூட்டு வழிபாட்டிற்கு ஒரு விதி உண்டு. அகவை பதின்மூன்று நிறைந்த ஆடவர் பதின்மராவது கூடினாலன்றி முழுமையான பொது வழிபாடு நடவாது. திருமறைச் சுருளை எடுத்துச் சபையில் ஓதுதலும் கூடாது. கொச்சி யூதரிடம் முறைப்படி பட்டம் பெற்ற குருமார் இருந்ததில்லை. மறையறிந்த பெரியோரும் இளைஞருமே முன்னின்று ஓதினர். வணிகரும் எழுத்தரும் காலையிற் பள்ளிக்கு வந்து, பின்னர்த் தத்தம் தொழிலுக்குச் சென்றனர். ஒருவர் வாராதொழியின் ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். எனவே அங்கு வருகையே ஒரு தொண்டாயிற்று.

திருநாட்களில் அத்தொண்டு தெருவெங்கும் பரவும். பஸ்காப் பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே வீடுகளை வெள்ளையடித்தலும், பாத்திரங்களைத் துலக்குதலும், அரிசியை மணிமணியாகப் பொறுக்குதலும் தொடங்கிவிடும். புளியாத அப்பத்தைப் பெண்கள் கூடியிருந்து செய்தனர். தோரா ஓதி நிறைவுறும் நாளில் பள்ளியைப் பட்டுத்துணிகளால் அலங்கரித்து, எண்ணெய் விளக்குகளை அடுக்கி ஏற்றி, மறைச்சுருள்களை ஏந்திப் பள்ளியின் புறத்தே வலம்வந்தனர். பிறநாட்டு யூதர் அறியாத இவ்வலத்தை, நம் கோயில் வீதிவலத்தைக் கண்டவர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

பெண்களின் பணி பிறிதொன்றும் உண்டு. திருமணத்திலும் திருநாளிலும் பாடும் மலையாளப் பாடல்களை அவர்கள் குறிப்பேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்கெனக் காத்தனர். அவற்றுட் சில 2005 இல் ‘கார்குழலி’ என்னும் பெயருடன் நூலாக வெளிவந்தன.

இத்துணைச் சிறப்புடைய சபையிலும் ஒரு மறு இருந்தது. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களுக்குப் பள்ளியினுள் சம இருக்கை மறுக்கப்பட்டது; அவர்கள் முன்மண்டபத்தில் அமர நேர்ந்தது. அவர்களுள் ஒருவராய்ப் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையிற் சட்டம் பயின்று வழக்கறிஞரான இவர், காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியைத் தம் சொந்தப் பள்ளியிலேயே கையாண்டார். பல்லாண்டு நடந்த போராட்டத்தின் பயனாகத் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. ‘யூதக் காந்தி’ எனப் போற்றப்பட்ட அவர் பெயரையே இன்று அத்தெரு தாங்கியுள்ளது. நூறு பேரளவினதான ஒரு சிறு சபை, பதின்மர் தேவைப்படும் வழிபாட்டில், தன் மக்களுட் சிலரைப் பல தலைமுறை வாயிலிலேயே இருத்தி வைத்தது. நம் கோயில் வாயில்களின் வரலாற்றை அறிந்த நாம் அவர்களை எள்ளுதற்கு இடமில்லை.

1948 இல் இசுரவேல் நாடு தோன்றியது. எவரும் துரத்தாதிருந்தும், மறை காட்டிய மண்ணை நாடிக் கொச்சி நாட்டு யூதருள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் 1950களில் கப்பலேறினர். நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்தீம் என்னும் ஊரில் அவர்களுட் பலர் வேளாண்மை செய்யலாயினர். பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவில் 1968 டிசம்பரில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அவ்விழாவிற்குக் கூடிய கூட்டம் மீண்டும் கூடவில்லை. முதியோர் ஒவ்வொருவராய் மறைந்தனர். பயணிகளாய் வரும் யூதரைச் சேர்த்துப் பதின்மரை நிறைக்கும் நிலை வந்தது. பல்லாண்டு பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்த மூதாட்டியும் 2024 இல் மறைந்தபோது, பரதேசிக் குடியினருள் அங்கு எஞ்சியவர் ஒருவரே.

ஆயினும் தொண்டு ஒழியவில்லை. அது அயலார் கைக்கு மாறியுள்ளது. யூதத் தெருவில் முதிய யூதப் பெண்மணி ஒருவர் நடத்திய பின்னற் கடையை, 2019 இல் அவர் மறைந்த பின்னும், இளமை முதல் அவருக்கு உதவிய முஸ்லிம் அன்பர் பேணி வருகின்றார். எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளியை அச்சமூகத்தவர் ஒருவர், முன்புறத்தே அலங்கார மீனும் செடியும் விற்றுக்கொண்டே பல்லாண்டு காத்தார். சேந்தமங்கலத்துப் பள்ளியும் பறவூர்ப் பள்ளியும் பழுதுபார்க்கப்பெற்று அருங்காட்சியகங்களாயின. அயலார் விளக்கைத் துடைக்கலாம்; ஓட்டைப் பெருக்கலாம். பதின்மருள் ஒருவராக நிற்றல் மட்டும் அவர்களுக்கு இயலாது.

மட்டாஞ்சேரியில் நின்றபோது எம் கோணேசரே நினைவிற்கு வந்தார். 1620களில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1662 இல் அதே போர்த்துக்கேயர் ஒல்லாந்தருக்குத் துணைநின்றமைக்காக யூதப் பள்ளியைச் சூறையாடினர். பள்ளி சில ஆண்டுகளிற் புதுக்கப்பெற்றது. கோணேசர் கோயிலோ முந்நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது. மண்ணில் மறைந்த திருவுருவங்கள் 1950 இல் வெளிப்பட, 1963 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இங்கே கட்டிடம் அழிந்தும் அடியார் இருந்தனர். ஆதலின் கோயில் மீண்டது. அங்கே ஓடு ஒன்றும் உடையாமல் இருக்கின்றது, ஓதுவார் இல்லை.

கொச்சி செல்லும் மாணவர்கள் சனிக்கிழமையும் யூதர் திருநாட்களும் தவிர்த்துச் செல்க. அன்று பள்ளி பார்வையாளருக்குத் திறவாது. ஊர் திரும்பியபின், தம் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ விளக்கேற்றவும், வீதி கூட்டவும், தண்ணீர்ப்பந்தலில் நிற்கவும் ஆள் வேண்டுமென அழைப்பு வரும்போது, ‘நாம் ஒருவர் போகாவிட்டால் என்ன?’ என்று வாளாவிருத்தல் வேண்டா. அந்த ஒருவர் இன்மையால் மட்டாஞ்சேரியில் எத்தனையோ காலைகளில் மறைச்சுருள் பேழையினுள்ளேயே இருந்துவிட்டது.